படுத்தால் எட்டுகிற சுவிட்ச்

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது அந்தச் சுவிட்சைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் போவார்கள். கதவோரம் ஆள் உயரத்தில் ஒழுங்கான சுவிட்ச் பெட்டி இருக்கிறது. அதிலிருந்து ஒரு வெள்ளைக் குழாய் சுவரோடு இறங்கி வரும். தரைக்கு ஒரு சாண் மேலே அது முடிகிற இடத்தில் ஒற்றைச் சுவிட்ச் தன்னந்தனியாக உட்கார்ந்திருக்கும். "இது என்ன, பூனைக்குட்டிக்கா?" என்று கேட்காத ஆள் கிடையாது. அது வந்த கதை எனக்குத் தெரியும் என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் அப்போது இரண்டாம் வகுப்பு.

சங்கரன்கோவிலில் எங்கள் வீடு ஓர் அறையும் ஓர் அடுப்படியும்தான். அம்மா விசைத்தறியில் ராத்திரி ஷிப்ட் பார்த்தாள். அப்பாவுக்குப் பூ மார்க்கெட்டில் எடை போடுகிற வேலை. விடியுமுன்னே போயாக வேண்டும் என்பதால் சாப்பிட்ட கையோடு வாசலில் கயிற்றுக்கட்டிலைப் போட்டுக் குறட்டைவிட ஆரம்பித்துவிடுவார். உள்ளே பாயில் நான் மட்டும் படுத்திருப்பேன். காலையில் அம்மா வந்து, எனக்குச் சடை பின்னி, பள்ளிக்கூடத்துக்கு விரட்டிவிட்டு, அதே பாயில் அதே இடத்தில் படுப்பாள். இருந்தது ஒரே பாய். ராத்திரிக்கு எனக்கு, பகலுக்கு அம்மாவுக்கு.

அந்த அறையில் முன்பு ஒரு டியூப்லைட் இருந்தது. ஒரு மழைக்கு அந்தப் பக்கச் சுவரில் ஈரம் இறங்கி, தொட்டாலே சுர்ரென்று ஷாக் அடிக்க ஆரம்பித்தது. சித்தப்பா வந்து அந்த லைனையே துண்டித்துவிட்டார். இதைக் கேள்விப்பட்ட மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், துபாயிலிருந்து வரும்போது ஒரு ஃபேன் கொண்டுவந்தார். அடேயப்பா, அது என்ன ஃபேன்! வெண்கல நிறத்தில் இறக்கை, அடியில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வெள்ளை விளக்கு. பல்ப் மாதிரிக் கழற்ற முடியாது, உள்ளேயே பதித்தது.

மாட்டினவர் சித்தப்பா. அவர் வயரிங் வேலைக்காரர். ஊரில் பாதி வீட்டுக்கு வெளிச்சம் கொடுத்தது தான்தான் என்று அவரே சொல்லிக்கொள்வார். கூரையில் இருந்த பழைய ஃபேனுக்கு ஒரே ஒரு சுவிட்ச்தான். புதிய ஃபேனையும் விளக்கையும் அந்த ஒரு வயரிலேயே சேர்த்து முறுக்கிவிட்டு, "மதினி, ஒரு தட்டு தட்டுங்க. காத்தும் வரும், வெளிச்சமும் வரும். துபாய்ல எல்லாம் இப்ப இதான் மாடலு" என்றார். அவர் கோவில்பட்டியைத் தாண்டிப் போனதில்லை. ஆனாலும் நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றோம்.

ராத்திரிக்கு எனக்கு அது சொர்க்கம். எனக்கு இருட்டென்றால் உயிரே போய்விடும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சித்தப்பா ஊரெல்லாம் தமுக்கடித்துவிடுவார். விளக்கு எரிந்தால் போதும், அடுத்த நிமிடமே தூங்கிவிடுவேன்.

வினை எல்லாம் பகலில்தான். காற்று வேண்டுமென்றால் வெளிச்சத்தையும் சேர்த்து வாங்க வேண்டும். ஜன்னலைச் சாத்தி, கதவைச் சாத்தி, வெயிலை வெளியே நிறுத்திவிட்டுப் படுத்தால், முகத்துக்கு நேரே விளக்கு பளீரென்று எரியும். அம்மா, அப்பாவின் துண்டைக் கண்ணில் கட்டிக்கொண்டு, கண்ணாமூச்சி ஆடுகிறவள் மாதிரிப் புரண்டுகொண்டே கிடப்பாள். ஒரு நாள் அப்பா விளக்கின் மேல் அட்டையை ஒட்டிப் பார்த்தார். ஃபேன் சுற்றின வேகத்தில் அது பறந்துபோய்ச் சோற்றுப் பானைக்குள் விழுந்தது.

கடைசியில் மாமாவே வீடியோ காலில் சொன்னார்: "ஏட்டி, அந்த லைட்டை மட்டும் அத்துப் போடச் சொல்லு. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

"நீ ஆசையா வாங்கித் தந்ததை அறுத்துப் போடவா? சும்மா கெட" என்று அம்மா பேச்சை மாற்றிவிட்டாள். கொடுத்தவரே வேண்டாம் என்கிறார், இவளுக்கு என்ன வீம்பு என்று எனக்கே எரிச்சலாக வந்தது.

தூக்கமில்லாத உடம்பு எத்தனை நாளைக்குத் தாங்கும்? ஒரு ராத்திரி தறியடியில் அம்மா கண் அசந்த நேரத்தில், நூலைச் சுமந்துகொண்டு குறுக்கே ஓடுகிற நாடா தெறித்து வந்து புருவத்துக்கு மேலே அடித்துவிட்டது. தறிக்காரர், "இன்னொரு மட்டம் இப்படி ஆச்சுன்னா நீ வரவே வேண்டாம் தாயி. கண்ணு போச்சுன்னா நானா பதில் சொல்லுதது?" என்று சொல்லிவிட்டார். காலையில் அம்மா புருவத்தில் பிளாஸ்திரியோடு வந்தாள். அப்பா அன்றைக்கே சித்தப்பாவுக்குப் போன் போட்டார்.

சித்தப்பா எங்கள் ஊர்க் கோயிலில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குச் சீரியல் லைட் கட்டிக்கொண்டிருந்தார். தபசு முடிந்த ஞாயிற்றுக்கிழமை பகலில் வந்து சேர்ந்தார். காதில் டெஸ்டரைச் செருகிக்கொண்டு, கூரையை அண்ணாந்து பார்த்து, செய்ய வேண்டியதை அப்பாவுக்கு விளக்கினார். கூரைக்குள் புதைத்த குழாயில் ஒரு சிவப்பு வயரும் ஒரு கறுப்பு வயரும்தான் இருக்கின்றன. கறுப்பு அப்படியே இருக்கட்டும். சிவப்பின் மேல்முனையில் புதிய வயர் இரண்டைக் கட்டிவிட்டு, கீழே சுவிட்ச் பெட்டியிலிருந்து சிவப்பை இழுக்க வேண்டும். பழையது வெளியே வர வர, புதியவை பின்னாலேயே இறங்கி வந்துவிடும். ஒன்று ஃபேனுக்கு, ஒன்று விளக்குக்கு. சுவருக்குள் ஒரு வழி இருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். தினமும் சாய்ந்து உட்கார்ந்த சுவரை எழுந்து தள்ளி நின்று பார்த்தேன்.

மெயினை அமத்தி, கரண்டை நிறுத்திவிட்டு வேலையைத் தொடங்கினார்கள். சித்தப்பா ஸ்டூலில் ஏறி மூன்று வயரையும் ஒரே இடத்தில் முறுக்கி, அதன்மேல் டேப்பைச் சுற்று சுற்றென்று சுற்றினார். அப்பா கீழே இழுத்தார். கொஞ்ச தூரம் வந்த வயர், கூரையும் சுவரும் சேருகிற வளைவில் நின்றுகொண்டது. நெல்லிக்காய்த் தண்டிக்கு முடிச்சுப் போட்டால் எப்படி நுழையும்?

"பலமா இழுண்ணே."

"இழுத்தா அந்துரும்லே!"

அறுந்தால் எல்லாம் போச்சு. கூரையை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். எங்கள் கூரையோ தும்மினாலே காரை கொட்டுகிற கூரை. சித்தப்பா மேலிருந்தே வயரைத் திரும்ப உருவிக்கொண்டார். இருவருக்கும் வியர்த்து ஊற்றியது.

அப்பா கையை உதறினார். "போதும்லே. லைட்டை அத்து விடு. அடுப்படி லைட்டு இருக்குல்லா, அது போதும்."

சித்தப்பா கட்டரைக் கையில் எடுத்துவிட்டார். எனக்குத் திக்கென்றது. அடுப்படி வெளிச்சம் வாசற்படியோடு நின்றுவிடும், பாய் வரைக்கும் வராது. அழுகை முட்டியது. ஆனால் அம்மாவின் புருவத்தில் பிளாஸ்திரி இருக்கும்போது எந்த முகத்தோடு வேண்டாம் என்பேன்?

அடுப்படியிலிருந்து அம்மா கையைத் துடைத்தபடி வந்தாள். "கட்டரைக் கீழ வைங்க தம்பி. பாவு பிணைக்குதவ ஒருத்தி வீட்டுல நிக்கேன், எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

தறியில் நீளவாக்கில் ஓடுகிற நூலுக்குப் பாவு என்று பேர். ஒரு பாவு தீர்ந்தால் புதிய பாவின் ஒவ்வொரு இழையையும் பழைய இழையோடு முறுக்கி இழுத்துக்கொள்வார்கள். பிணைத்த இடம் தடித்தால் சீப்புப் பல் மாதிரி நெருங்கியிருக்கிற அச்சுக்குள் நுழையாது. அம்மாவுக்கு அது கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை.

அம்மா சேலையைச் செருகிக்கொண்டு ஸ்டூலில் ஏறினாள். சித்தப்பாவின் முடிச்சை அறுத்து எறிந்தாள். வயரின் தோலை நீளமாக உரித்து, உள்ளேயிருந்த செம்புக் கம்பிகளை முடி பிரிப்பது போலப் பிரித்து, சிவப்போடு புதிய மஞ்சள் வயரை ஓர் இடத்திலும் புதிய நீல வயரை அதற்கு ஒரு சாண் தள்ளியும் முறுக்கினாள். இரண்டு பிணைப்பும் ஒரே இடத்தில் தடிக்கக் கூடாதாம். டேப்பை ஒற்றைச் சுற்றுதான் ஒட்டினாள். தடவிப் பார்த்தால் எங்கே சேர்ந்திருக்கிறது என்றே தெரியாது.

"ஏட்டி, பவுடர் டப்பாவை எடு."

"வயருக்கு மேக்கப்பா மதினி?" என்று சித்தப்பா சிரித்தார். அம்மா வயர் முழுக்கப் பவுடரைப் பூசினாள். "ரெண்டு பேரும் பலத்தைக் காட்டாதீங்க. நான் விட விட வாங்குங்க, போதும்."

அம்மா கண்ணை மூடிக்கொண்டு, விரல்நுனியால் வயரை மேலே ஊட்டினாள். வளைவு வந்ததும் அது நின்றது. அப்பா பல்லைக் கடித்தார். "இழுக்காதீங்க" என்று அம்மா கொஞ்சம் பின்னால் வாங்கி, பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வயரை ஓர் உருட்டு உருட்டினாள். அவ்வளவுதான். சர்ரென்று ஒரு சத்தம் சுவருக்குள் இறங்கி வந்தது. சத்தம் எங்கே போகிறதோ அங்கேயெல்லாம் நான் சுவரைக் கையால் தடவிக்கொண்டே வந்தேன். சிவப்பு வந்தது, வந்தது, பவுடர் அப்பின அதன் முனை வந்தது. அதன் பின்னால் மஞ்சள். அதற்கும் பின்னால் நீலம். சுவருக்குள்ளிருந்து எங்கள் வீட்டுப் பவுடர் வாசம் வந்தது!

சித்தப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். நான் அம்மாவை அண்ணாந்து பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்கு அவள் பக்கத்தில் போகவே எனக்குப் பயமாக இருந்தது. கூரை முட்ட நின்ற அவளுக்கு என் அம்மா ஜாடை மட்டும்தான் இருந்தது.

மிச்சம் லேசான வேலை. சித்தப்பா பெட்டியில் இரண்டு சுவிட்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப் போனார். அம்மா விடவில்லை. "லைட்டு சுவிட்ச் கீழ வரணும். படுத்த மேனிக்கே போட்டு அமத்தணும் எனக்கு."

அளவு காட்டுவதற்காகப் பாயை விரித்து, வழக்கமான இடத்தில் படுத்துக் கையைத் தூக்கினாள். முழங்கையை மடக்கி, மடக்கின கையால் சுவரைத் தொட்டாள்.

"கையை நீட்டுங்க மதினி, எதுக்கு மடக்கிக்கிட்டு கெடக்கீங்க?"

"எனக்கு இம்புட்டுத்தான் எட்டும்."

"தறி ஓட்டுத கை இம்புட்டுத்தான் எட்டுமாக்கும்!" என்று கேலி செய்தபடியே சித்தப்பா அங்கே பென்சிலால் கோடு போட்டார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது கதவு சாத்தியிருந்தது. மெல்லத் திறந்தேன். உள்ளே இருட்டு, இருட்டுக்குள் காற்று. அம்மா கண்ணில் துண்டு இல்லாமல், வாய் லேசாகத் திறந்து அடித்துப்போட்ட மாதிரித் தூங்கிக்கொண்டிருந்தாள். சந்தோஷத்தில் எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா தறிக்குக் கிளம்பிப் போன பிறகு நான் அதே பாயில் படுத்தேன். சும்மா கையை நீட்டினேன். சுவிட்ச் சரியாக என் விரலடியில் இருந்தது. போட்டேன், அமத்தினேன், திரும்பவும் போட்டேன். இருட்டு என் சொல்பேச்சுக் கேட்டது. அம்மா தனக்கென்று வைத்த சுவிட்சை அவளுக்குத் தெரியாமல் விளையாடுகிறோமே என்று கொஞ்சம் உறுத்தலாகக்கூட இருந்தது.

பகலில் அம்மா அந்த விளக்கைப் போட்டதே கிடையாது. போடாத விளக்கைப் படுத்தபடி அமத்த அவளுக்கு எதற்கு ஒரு சுவிட்ச் என்று எனக்கு அப்போது கேட்கத் தோன்றவில்லை. மடக்கிப் பிடித்த அந்தக் கை யாருடைய கையின் நீளம் என்றும் தோன்றவில்லை. இருட்டென்றால் எனக்குப் பயம் என்று நான் அவளிடம் ஒரு நாளும் சொன்னதில்லை.