பாங்காக்கில் ஒரு கேதம்

கீரமங்கலம் சுற்றுவட்டாரத்தில் ஒருவர் கண்ணை மூடினால், சொந்தக்காரர்களுக்கு முன்னால் ஆத்மநாதனுக்குத் தெரிந்துவிடும். பஸ் ஸ்டாண்டு பக்கம் தண்ணி மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறான். கேதச் செய்தி வந்துவிட்டால் பாதி கட்டிய காயிலை அப்படியே போட்டுவிட்டு ஷட்டரை இழுத்துச் சாத்திவிடுவான். மோட்டார் இல்லாமல் வாழை வாடுகிறதே என்று வந்து நிற்கும் ஆளிடம், "அண்ணே, வாழை நாளைக்கும் நிக்கும். போனவரு நிப்பாரா?" என்று கேட்பான். இது என்ன நியாயம் என்று என்னைக் கேட்காதீர்கள், அவன் சுபாவம் அப்படி.

அவன் மனைவி ராஜலட்சுமிக்கு இதில் மகா எரிச்சல்.

"கல்யாணத்துக்குப் பத்திரிக்கை வச்சுக் கூப்பிட்டா மறந்துர்றீங்க. கேதம்னா மட்டும் முத ஆளா நிக்கிறீங்களே, ஏங்க?"

"கல்யாணத்துக்கு நான் போகலைன்னா ஒரு எலை மிஞ்சும், அவ்வளவுதான். கேதத்துக்குப் போகலைன்னா ஒரு மனுசன் மனசு ஒடிஞ்சு போகும்டி."

இப்படிப்பட்ட மனுசனைத்தான் பாலிடெக்னிக்கில் கூடப் படித்த இரண்டு பேர் பாங்காக்குக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். ஒருவன் பிரசாந்த், ஆலங்குடியில் செல்போன் கடை. இன்னொருவன் ஃபிரெடி, ஆவூர்க்காரன், ஸ்கூல் வேன் ஓட்டுகிறான். முதுகில் ஆளுக்கொரு மூட்டை, தங்குவதற்கு மாடிக்கட்டில் போட்ட பொது அறை, நடந்தே ஊர் சுற்றுவது என்று திட்டம். கிளம்பும்போது ராஜலட்சுமி அவன் பையில் துண்டை மடித்து வைத்துக்கொண்டே சொன்னாள்: "அங்கிட்டாச்சும் எந்த எழவும் இல்லாம நாலு நாளு நல்லா சிரிச்சுட்டு வாங்க." சிரித்துவிட்டு வருகிறேன் என்று அவனும் வாக்குக் கொடுத்தான். மனதுக்குள் அவனுக்கும் ஆசைதான். வெளிநாட்டுக்காரர்கள் ராத்திரியில் என்னதான் செய்கிறார்கள், ஒரு டான்ஸ் கிளப்புக்குள் போய் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்.

ஆனால் பார்க்க விட்டால்தானே! முதல் நாள் மூட்டை தூக்கி நடந்த அலுப்பில் ஆறு மணிக்கே குறட்டை விட்டார்கள். மறுநாள் ஃபிரெடிக்கு வயிறு புடுங்கி, மூன்று பேரும் கக்கூஸ் வாசலிலேயே கிடந்தார்கள். அதற்கு மறுநாள் பேய்மழை. கடைசியில் ஊருக்குத் திரும்பும் விமானத்துக்கு முந்தின ராத்திரிதான் மிஞ்சியது. விட்டால் இனி ஜென்மத்துக்குக் கிடைக்காது என்று மூவரும் சட்டைக்குச் சென்ட் அடித்துக்கொண்டு கிளம்பினார்கள்.

அந்தத் தெருவைப் பார்த்ததும் ஆத்மநாதன் வாயைப் பிளந்தான். அய்யனார் கோயில் திருவிழாவையும் பத்து ரேடியோ செட்டையும் ஒரே சந்துக்குள் அடைத்ததுபோல இருந்தது. ஒருத்தி தேளைக் குச்சியில் குத்தி வறுத்து விற்றாள். "நம்மூர்ல இதப் பாத்தா செருப்பத் தூக்குவோம், இங்க சாஸ் தொட்டுத் திங்கிறாய்ங்களேடா!" என்றான் பிரசாந்த். ஒருவன் லைட் எரியும் பலூன்களைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு ஆடிக்கொண்டே போனான். ஆத்மநாதன் எல்லாவற்றுக்கும் சிரித்தான். வாக்கைக் காப்பாற்றுகிறானாம்.

இருக்கிறதிலேயே சத்தம் பெரிதாக வந்த கிளப்பின் வாசலில் வரிசையில் நின்றார்கள். கறுப்புச் சட்டை போட்ட ஒரு ஆள், நீட்டுகிற கையிலெல்லாம் சிரித்தபடி சீல் குத்தி உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தான். ஃபிரெடிக்குக் குத்தினான், பிரசாந்துக்குக் குத்தினான். ஆத்மநாதன் கையை நீட்டப் போனவன், அந்த முகத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான்.

அது அரவிந்த்குமார். ஆலங்குடிக்குக் கிழக்கே இருக்கிற பிச்சையின் கடைக்குட்டி மகன். பிச்சை செத்து ஆறு வாரம்தான் ஆகிறது. சுடுகாட்டுக்குத் தூக்கும் எடுப்புக்கு ஆத்மநாதன் போயிருந்தான். பிள்ளைகளில் இவன் ஒருவன்தான் வரவில்லை. வெளிநாட்டில் பாஸ்போர்ட் ஏஜெண்டு கையில் மாட்டியிருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள்.

எங்கள் பக்கம் கேதம் கேட்கப் போனால் வாயால் ஒன்றும் கேட்பதில்லை. இரண்டு கையையும் சேர்த்து நீட்டினால், பறிகொடுத்தவர் தன் கையால் அதைத் தொடுவார். அதுதான் விசாரிப்பு. கேட்டுவிட்டால் அன்றைக்குக் கூத்து கும்மாளம் எதிலும் கால் வைக்கக் கூடாது. ஆத்மநாதன் இதில் படு கறார்.

ஆத்மநாதன் விஷயத்தைச் சொன்னதும் பிரசாந்த் பதறிப்போய் அவன் சட்டையைப் பிடித்தான். "டேய் ஆத்மா, ஒன் கால்ல விழுறேன். உள்ள போயி ஒரு ஆட்டம் ஆடிட்டு, வெளிய வரும்போது கேளு. அந்த ஆளு எங்க ஓடிறப் போறான்?"

"ஆடிட்டு வந்து வேர்வையத் தொடச்சுக்கிட்டு கேக்குறதாடா கேதம்?"

"கடைசி ராத்திரிடா!"

"எனக்குந்தான்டா கடைசி ராத்திரி," என்றான் ஆத்மநாதன். உள்ளே ஒரு தடவை ஏக்கத்தோடு எட்டிப் பார்த்துக்கொண்டான். பிறகு இரண்டு கையையும் சேர்த்து, உள்ளங்கை மேலே தெரிய நீட்டினான்.

அரவிந்த்குமார் பழக்கதோஷத்தில் இரண்டு கையிலும் சீல் குத்திவிட்டான். கை போகாமல் அங்கேயே நின்றது. குனிந்து கையைப் பார்த்தான், நிமிர்ந்து முகத்தைப் பார்த்தான். முகத்திலிருந்த சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. சீல் கட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அந்தக் கைகளை மெல்லத் தொட்டான்.

"அண்ணே... கீரமங்கலம் காயில் கடை அண்ணனா?"

"ஆமாய்யா."

ஃபிரெடியும் பிரசாந்தும் வேறு வழியில்லாமல் திரும்பி வந்து கையை நீட்டினார்கள். வினை அங்கேதான் ஆரம்பித்தது. பின்னால் நின்ற வெள்ளைக்காரன் ஒருவன், இந்தக் கிளப்பில் இதுதான் சட்டம்போல என்று நினைத்து அவனும் இரண்டு கையை நீட்டினான். அவனுக்குப் பின்னால் நீலத் தலைமுடிக்காரி. அவளுக்குப் பின்னால் கொரியாவோ சீனாவோ ஒரு கூட்டம். அரவிந்த்குமார் கண்ணில் தண்ணீர் ஓட ஓட ஒவ்வொரு கையாகத் தொட்டு அனுப்பினான். பிச்சைக்கு ஊரில்கூட இத்தனை தேசத்து ஆட்கள் கேதம் கேட்டதில்லை.

ஆத்மநாதன் அவனைச் சுவரோரமாக ஒதுக்கி நிறுத்தினான்.

"இங்க யார்ட்டயும் சொல்லலையாப்பா?"

"சொல்லலண்ணே. நாள் பூராம் பல்லக் காட்டிக்கிட்டு நிக்கிற வேலை. அப்பா செத்துட்டாருன்னு சொல்லிட்டு எப்படிண்ணே பல்லக் காட்டுறது? சொல்லாமயே இருந்தேன்னா... இன்னும் இருக்காருங்கிற மாதிரியே இருந்துச்சு." மூக்கை உறிஞ்சினான். "வீடியோ கால்ல பாடைத் தேரத் தூக்குற வரைக்கும்தான் பாத்தேன். கொட்டு அடிக்க ஆரம்பிக்கவும் சிக்னல் போயிருச்சு. அதுக்கப்பறம் எனக்கு ஒண்ணுமே தெரியாதுண்ணே."

"எம்பத்தஞ்சு வயசு. பேரன் பேத்தி கண்ட கல்யாணச் சாவுய்யா அது. சும்மாவா எடுப்பாக? முழு டிரம் செட்டு. ஒங்க மாமனுங்க, மச்சானுங்க எல்லாம் ஆடுன ஆட்டத்துல தெருவே புழுதி."

"நீங்க ஆடுனீங்களாண்ணே?"

"நான் ஆடாமலா?"

"எப்படிண்ணே ஆடுனீங்க?"

ஆத்மநாதனுக்குச் சங்கடமாகிவிட்டது. வாயால் சொல்லக்கூடிய சமாச்சாரமா அது? உள்ளேயிருந்து அடி திம்திம்மென்று சுவரை அதிரவைத்துக்கொண்டிருந்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்தான். இடக்காலை முன்னே தட்டி, துண்டைத் தலைக்கு மேலே ஒரு சுழற்றுச் சுழற்றி, நாலு எட்டு ஆடிக் காட்டினான். கேதம் கேட்டவன் கிளப்புக்குள் போய் ஆடினால்தான் தப்பு. தேருக்கு முன்னால் ஆடினால் யார் என்ன சொல்ல முடியும்?

அரவிந்த்குமார் அந்தக் காலையே பார்த்தான். அவன் கால் தானாகத் தட்டியது. அடுத்த அடிக்கு இரண்டு பேரும் எதிரும் புதிருமாக இறங்கிவிட்டார்கள். எடுப்பு என்றால் நின்ற இடத்தில் ஆட முடியாது, தெருவில் முன்னேற வேண்டும். ஆடிக்கொண்டே வாசலை விட்டுப் புறப்பட்டார்கள். வரிசையில் நின்ற சனம், உள்ளே இருப்பதைவிட இது நன்றாக இருக்கிறதே என்று பின்னாலேயே கிளம்பியது.

ஃபிரெடி ஆவூர் சர்ச்சில் பாட்டும் செபமுமாகச் சாவு எடுத்துத்தான் பழகியவன். கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அப்புறம் பொறுக்க முடியாமல் ஓரத்தில் மாலை விற்ற கிழவியிடம் இரண்டு மல்லிகைச் சரம் வாங்கி, உதிர்த்து உதிர்த்து முன்னால் வீசிக்கொண்டு போனான். "வேட்டு இல்லாம என்னடா எடுப்பு!" என்று பிரசாந்த் பலூன்காரனை மடக்கிக் கொத்தோடு வாங்கி, ஒவ்வொன்றாக உடைத்தான். ஒவ்வொரு வெடிக்கும் வெள்ளைக்காரர்கள் ஓவென்று கத்தினார்கள். தேள் விற்றவள் வண்டியை ஓரம் தள்ளி வழிவிட்டாள்.

தெருமுக்கு வந்ததும் ஆத்மநாதன் இரண்டு கையையும் விரித்து மறித்தான். "பொம்பளைக இதோட நின்னுக்கங்க. இனிமே ஆம்பளைகதான்." நீலத் தலைமுடிக்காரி அதையும் ஒரு அடவு என்று நினைத்து, அவனைப் போலவே கையை விரித்து ஆடினாள். பின்னால் வந்த எல்லாரும் கையை விரித்தார்கள். அவர்கள் ஊர் வழக்கம் என்னவோ என்று ஆத்மநாதன் விட்டுவிட்டான்.

அந்த முக்கில்தான் அரவிந்த்குமார் நின்றான். நடுரோட்டில் முழங்காலைப் பிடித்துக் குனிந்து, "அப்பா" என்று வாய்விட்டு அழுதான். ஆறு வாரத்து அழுகை. ஆத்மநாதன் அவனை எழுப்பவில்லை, அழட்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். கூட்டத்துக்கு என்ன புரிந்ததோ, ஆட்டம் மெல்ல அடங்கியது. யாரோ ஒருவன் தொப்பியைக் கழற்றினான்.

அப்போது கிளப்பின் முதலாளியம்மா செருப்புச் சத்தம் கேட்க ஓடிவந்தாள். வாசலில் ஆளில்லை, வரிசை முழுவதும் ரோட்டில் நிற்கிறது. கத்தமாட்டாளா? அவள் பாஷையில் கிழி கிழியென்று கிழித்தாள். அரவிந்த்குமார் எழுந்து, அதே பாஷையில் ஏதோ சொன்னான். அவள் சத்தம் பட்டென்று நின்றது. தணிந்த குரலில் ஒரு வார்த்தை கேட்டாள். இவன் ஒரு வார்த்தை பதில் சொன்னான். அவள் அவன் கக்கத்திலிருந்த சீல் கட்டையை எடுத்துக்கொண்டு வாசலைப் பார்க்கத் திரும்பி நடந்தாள்.

"என்னய்யா சொன்ன அந்தம்மாகிட்ட?" என்று கேட்டான் ஆத்மநாதன்.

"எங்கப்பா எறந்துட்டாருன்னு சொன்னேன்ணே."

"அதுக்கு என்ன கேட்டுச்சு?"

"எப்பன்னு கேட்டாங்க." அரவிந்த்குமார் ஆத்மநாதன் நீட்டிய துண்டை வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டான். "இப்பத்தான்னு சொன்னேன்."