பிள்ளையின் வாயைப் பார்த்து நடந்தவர்

போடி மலையில் ஏலத்தோட்டத்து ஆட்களை மலைக்காய்ச்சல் வாரிக்கொண்டு போன வருஷம் அது. நான் கைக்குழந்தையோடு தாய்வீட்டிலிருந்து போடிக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வண்டியை வழியில் நிறுத்தியிருந்தோம்.

கன்னம் ஒட்டிய ஒரு மனிதர், பழஞ்சேலையில் சுற்றிய பச்சைப்பிள்ளையை அணைத்தபடி எதிரே வந்தார். நடக்கும்போதும் அவர் கண் பிள்ளையின் வாயிலேயே இருந்தது.

"தாயி, இதோட ஆத்தா நேத்துக் காய்ச்சல்ல போயிட்டா. கொஞ்சம் பால் குடுப்பீகளா?"

"அழவே இல்லையேய்யா, பசிக்குதா?"

"தலையத் திருப்பித் தேடுது பாருங்க, கைய வாய்க்குக் கொண்டுபோகுது. அழுக விட்டா அப்புறம் உறிஞ்சத் தெம்பிருக்காது."

வாங்கி மார்பில் வைத்ததும் பிள்ளை கவ்விக்கொண்டது. அவர் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

"எங்க வீட்டுல ரெண்டு நாள் இருந்துட்டுப் போங்கய்யா."

"ஆண்டிபட்டில எந்தங்கச்சி பிள்ளை பெத்திருக்கா தாயி. அவகிட்டச் சேத்துட்டாப் பிழைச்சிரும். மறுபடி பாலத் தேடுறதுக்குள்ள கோடாங்கிபட்டி போயிரணும். அங்கன யாராச்சும் பால் குடுப்பாக."

பிள்ளையை வாங்கிக்கொண்டு வெயிலில் விறுவிறுவென்று நடந்தார்.

அன்று சாயங்காலம் எனக்குப் பால் கட்டியபோது, அவர் யார் வாசலில் நிற்கிறாரோ என்று நினைத்தேன். ஆண்டிபட்டிக்கு இரண்டு பேராகப் போய்ச் சேர்ந்தார்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.