நம்ம அகதி

மாமாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். மலேசியாவில் பீடோங் என்கிற ஊரில் அவர் வைத்திருந்த மோட்டார் சைக்கிள் பட்டறையில், பழுது பார்த்த வண்டிகளைவிட அவருடைய பேச்சுதான் அதிகம் ஓடியது. அந்தப் பட்டறைக்கு ஒரு சிலோன்காரர் வேலைக்கு வந்து சேர்ந்தார். அன்றிலிருந்து வருகிறவர் போகிறவரிடமெல்லாம், “இவரு நம்ம அகதி லா, நாந்தான் வேலை போட்டுக் குடுத்திருக்கேன்” என்று மாமா பீற்றிக்கொள்வார்.

சிலோன்காரருக்கு அது பிடிக்காது.

“அண்ணை, நான் இன்னும் அகதி இல்லை. தஞ்சம் கேட்டிருக்கிறன், அவ்வளவுதான். கோலாலம்பூரில யு.என். ஒஃபிசில விசாரிச்சு முடிச்சிட்டினம். அவை ஓம் எண்டு சொன்னாத்தான் அகதி. கார்டும் அப்பத்தான் தருவினம்.”

“உன் வீட்டு மேல குண்டு போட்டானுங்களா இல்லையா? உசுரக் கையில புடிச்சிக்கிட்டு ஓடி வந்தியா இல்லையா? அதுக்கு எவன்யா ஓம் சொல்லணும்?”

மாமாவோடு பேசி யார் ஜெயிப்பது? சிலோன்காரர் குனிந்து வண்டிச் செயினைக் கழற்றுவார்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. தோட்டத்து வேலை முடிந்து அம்மா வரும்வரை பட்டறையில்தான் கிடப்பேன். ஆறாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்த சமயம். அகதியாவதற்கும் ஒரு பரீட்சை உண்டு, பாஸானால் கார்டு என்று நானாகவே முடிவுகட்டிக்கொண்டேன். “ஆருக்கு முதல் வருதெண்டு பாப்பம், பிள்ளை” என்று அவரும் சிரிப்பார். ஃபெயிலானால் என்ன செய்வார்கள் என்று கேட்டால் மட்டும் ஸ்பானர் தேட எழுந்து போய்விடுவார்.

ஒரு மத்தியானம் பட்டறை வாசலில் லாரி வந்து நின்றது. சீருடைக்காரர்கள் இறங்கினார்கள். அவர் சட்டைப்பையிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட யு.என். கடுதாசியை எடுத்து நீட்டி, மனப்பாடம் செய்து வைத்திருந்த மலாயில், தஞ்சம் கேட்டிருப்பவன், இந்த நம்பருக்கு அடித்துக் கேளுங்கள் என்றார். அதிகாரி படித்தார். ஃபோனைக்கூடக் கையில் எடுத்துவிட்டார்.

மாமாவுக்குப் பொறுக்கவில்லை. “பெலாரியான், துவான். கார்டு அடா” என்று குறுக்கே விழுந்தார். அகதி ஐயா, கார்டு இருக்கிறது என்று அர்த்தம். நம் ஆட்களுக்கு எல்லாம் ஒரே சொல்தானே. ஓடி வந்தவன் அகதி, அவன் கையில் இருக்கும் எதுவும் கார்டு.

அதிகாரி ஃபோனைத் திரும்பப் பையில் போட்டார். கார்டு எங்கே என்றார். இல்லை. இதில் அகதி என்று எங்கே போட்டிருக்கிறது என்றார். போட்டிருக்கவில்லை. அப்படியானால் இரண்டு பேரும் பொய் சொல்கிறீர்கள் என்றார். மாமா மறுபடியும் வாயைத் திறந்தார்.

“அண்ணை, பேசாதேங்கோ” என்றார் சிலோன்காரர். பிறகு லாரியில் ஏறினார்.

மாமா பட்டறையைப் பூட்டிப் போட்டுவிட்டு அவரை அடைத்து வைத்திருந்த முகாமின் வாசலுக்கு அலைந்தார். நீ என்ன உறவு என்று கேட்டே திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் ஒரு நாள் வந்து, “ஊருக்கு அனுப்பிட்டானுங்க” என்று அம்மாவிடம் சொன்னார்.

வளர்ந்த பிறகு தேடிப் படித்தேன். உயிருக்குப் பயந்து எல்லை தாண்டிய அன்றைக்கே ஒருவர் அகதிதானாம். அலுவலகம் பிறகு சொல்வது அதை ஒப்புக்கொள்வது மட்டும்தானாம். ஆக, மாமா சொன்னதுதான் சர்வதேசச் சட்டப்படி சரி. நம் நாட்டுச் சட்டத்துக்கோ அகதியும் தெரியாது, தஞ்சம் கேட்டவரும் தெரியாது. இரண்டு பேரும் கள்ளத்தனமாக வந்தவர்கள். மாமாவின் அந்தச் சரியை வைத்துக்கொண்டு நாக்கு வழிக்கலாம்.

அவரை ஊருக்கு அனுப்பிய பிறகு, எங்கள் இருவரில் என் ரிசல்ட்தான் முதலில் வந்தது. மாமா பட்டறையில் எல்லோருக்கும் ஐஸ் கச்சாங் வாங்கிக் கொடுத்தார். அடுத்த வாரம் பட்டறைக்கு ஃபோன் வந்தது. நான்தான் எடுத்தேன். யு.என். ஆபீசிலிருந்து ஒரு பெண் தமிழில் பேசினாள். சிலோன்காரரை அகதியாக ஏற்றுக்கொண்டுவிட்டார்களாம், கார்டு வாங்க வரச் சொல்ல வேண்டுமாம்.

“மாமா, சிலோன்காரர் பாஸ்” என்று கத்திக்கொண்டு ஓடினேன்.

மாமா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அன்று வந்த வண்டிகளையெல்லாம் கையை மட்டும் அசைத்துத் திருப்பி அனுப்பினார். ஐஸ் கச்சாங்கும் வாங்கித் தரவில்லை. இவ்வளவு நல்ல சேதிக்கு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிறாரே என்று எனக்குக் கோபமாக வந்தது. எங்கள் தோட்டத்தில் ஊருக்குப் போனவர்கள் எல்லாம் புடவையும் முறுக்குமாகத் திரும்பி வந்துவிடுவார்கள். இவரும் கார்டு வாங்க வந்துதானே ஆக வேண்டும் என்று, அவர் உட்கார்ந்து வேலை பார்த்த முக்காலியை எண்ணெய் போகத் துடைத்து வைத்தேன்.