நெஸ்டா தொடாத கட்டம்

அந்த வேல்ஸ் பள்ளத்தாக்கு மருத்துவமனையில் பத்தொன்பது வருடமாக நெஸ்டாவுக்கு ஒரே வேலை. புதிதாகப் பதிவான டாக்டர்கள் அனுமதிப் பட்டியலில் உள்ள இடங்களில் மட்டுமே வைத்தியம் பார்க்கலாம். அப்படித்தான் பார்க்கிறார்களா என்று மாதாமாதம் படிவம் நிரப்பி மேலிடத்துக்கு அனுப்புவாள். கொஞ்சம் கண்டுகொள்ளாமல் விடச் சொல்லி வந்த பெரிய டாக்டர்களெல்லாம் மூக்குடைபட்டுத்தான் போனார்கள்.

சூடானிலிருந்து வந்த புது டாக்டர் முஸம்மிலுக்கும் முதல் நாளே பாட்டு விழுந்தது.

“லிஸ்ட்ல இல்லாத இடத்துல ஒரு தலைவலி மாத்திரைகூட எழுதிடாதீங்க டாக்டர். அப்புறம் என்கிட்ட வந்து மூக்கைச் சிந்தக் கூடாது.”

“உங்களுக்கே தலைவலி வந்தா?”

“வரட்டும், நான் தாங்கிக்குவேன்.”

அவன் சிரித்தான். அன்றிலிருந்து தினமும் அவள் டப்பாவிலிருந்து ஒரு கேக்கை உரிமையோடு எடுத்துக்கொள்வான்.

அந்த வருடம்தான் அவள் கணவர் ஹூவலுக்குப் புற்றுநோய் முற்றியது. குன்றின் மேல் ஒரு தர்ம ஸ்தாபனம் கடைசிக்கால நோயாளிகளுக்காக நடத்திய இல்லத்தில் சேர்த்தாள். அந்த இல்லம் பட்டியலில் இல்லை. அது அவளுக்குத் தெரியாதா என்ன? பட்டியலே அவளுக்கு மனப்பாடம்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஹூவல் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வலியில் அலறினார். இல்லத்து டாக்டருக்கு உடம்பு சரியில்லை. மாற்று ஆள் வர ஆறு மணி நேரமாகும் என்றார்கள். நெஸ்டா முஸம்மிலுக்குப் போன் போட்டாள்.

“ராசா, குன்று மேல இருக்கிற இல்லத்துக்கு அஞ்சு நிமிஷம் வந்துட்டுப் போயேன். அவருக்குத் தாங்கல.”

“வரேன்” என்றான்.

வந்தான். டாக்டர் கையெழுத்து இல்லாமல் நர்ஸ் வலி மருந்தைத் தொடமாட்டாள்; கையெழுத்துப் போட்டான். ஹூவலின் கை கம்பியை விட்டது. ஞாயிறு மாலை, தூக்கத்திலேயே போய்விட்டார். நெஸ்டா அழவில்லை. அடக்கத்தன்று சேப்பலில் எல்லாரும் எழுந்து நின்று பாடியபோதும் அவளுக்கு எதுவும் உறைக்கவில்லை.

பத்து நாள் கழித்து வேலைக்கு வந்தாள். மேஜைமேல் முஸம்மிலின் படிவம் கிடந்தது. ‘பட்டியலுக்கு வெளியே வேலை பார்த்தாரா?’

“இல்லைன்னு போட்டுத் தள்ளுடி” என்றாள் பக்கத்து மேஜைக்காரி பெத்தன். “அந்த இல்லத்துக் காகிதத்தை யாரு போய்ப் புரட்டப் போறா?”

நெஸ்டா பேனாவைக் கையில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். அப்போது முஸம்மில் வந்தான். மேஜையில் கேக் டப்பா காலி.

“ஆமான்னு எழுதுங்க. அங்க என் கையெழுத்து இருக்கு. நாளைக்கு எவனாவது பார்த்தா, நீங்க பொய் சொன்னதா ஆயிடும்.”

“வேலை போயிடும் உனக்கு.”

“தெரிஞ்சுதானே வந்தேன்.”

பல் பிடுங்க ஊசி போட்ட வாய்போல உடம்பெல்லாம் மரத்துக் கிடந்தது அவளுக்கு. ‘ஆம்’ என்ற இடத்தில் டிக் போட்டாள். அவன் தலையாட்டிவிட்டுத் திரும்பினான்.

“நில்லு.”

படிவத்தின் அடியில் ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம். பத்தொன்பது வருடத்தில் அவள் அதைத் தொட்டதே இல்லை. இப்போது எழுதினாள்: ‘கூப்பிட்டது நான். விதி தெரிந்தே கூப்பிட்டேன். நோயாளி என் கணவர். அன்று அவர் தூங்கினார்.’ கீழே தன் கையெழுத்து.

“ஐயோ, இதை அடிச்சிடுங்க. உங்க வேலையும் போயிடும்.”

“தபால் நாலு மணிக்கு. நீயே கொண்டுபோய்ப் போட்டுடு. என் கையில இருந்தா கிழிச்சிடுவேன்.”

அவன் வாங்கிக்கொண்டு போனான். அப்போதும் அவள் அழவில்லை. நாலு மணிக்குத் தபால் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. காலி டப்பாவை மூடப் போனவள் அழத் தொடங்கினாள்.