சுவரில் சாய்ந்திருந்தது யார்?

இதைக் கட்டுக்கதை என்பவர்கள், அந்தக் கட்டடத்தின் மாடிப்படியில் ஒருமுறை தனியாக ஏறி இறங்கிவிட்டு வந்து சொல்லட்டும். அத்தனையும் நடந்தது, அதுவும் பட்டப்பகலில்!

அங்கே மரவேலை பார்த்த சூப்பர்வைசரின் பட்டறையில் ஒரு ரோபோ உண்டு. நீண்ட ஒற்றைக் கை. கொக்கு என்று கூப்பிடுவார்கள். யானையைத் தூக்கி உட்கார வைத்து நகம் வெட்டிவிடும், அவ்வளவு சாமர்த்தியம். வரைபடமே வேண்டாம். சுவருக்கு எதிரே ஸ்கேனரை வைத்தால் அது சுழன்று அளவெடுக்கும். குழாயோ தூணோ துருத்தியிருந்தால் அந்த இடத்தை விட்டுவிட்டு, சுவரை மூடும் மரப்பலகையைக் கச்சிதமாக வெட்டித் தரும் கொக்கு.

கொக்கை இயக்குபவன் சூப்பர்வைசருடைய மனைவியின் தம்பி. ஊரறிந்த குறும்பன்.

மாடிப்படிச் சுவருக்கான பலகை வெட்டுப்பட்டு வந்தது. நடுவில் ஓர் ஓட்டை. தலை, கழுத்து, தோள்... ஆள் சாய்ந்து நிற்கிற மாதிரியே.

“என்ன மச்சான், விளையாட்டா?”

“நான் தொடவே இல்ல மாமா. அங்க இருக்கறதைப் பாத்துத்தான் கொக்கு வெட்டும்.”

“அங்க வெறும் சுவருடா!”

“அப்ப கொக்கைக் கேளுங்க.”

“இன்னொரு பலகை பாழாச்சுன்னா, உங்க அக்கா வந்து அழுதாலும் உனக்கு வேலை கிடையாது.”

இந்தத் தடவை அவரே போய் அளவெடுத்தார். படியில் ஈ, காக்கை இல்லை. ஸ்கேனர் சுழன்றது. உர்ர்ர்... நடுவில் ஒரு கணம் நின்றது. பிறகு சுழன்றது.

பலகை வந்தது. அதே ஓட்டை. ஆனால் இப்போது ஒரு கை நீண்டிருந்தது.

அவர் நின்ற பக்கமாக.

இவன் கம்ப்யூட்டரில் ஏதோ செய்கிறான்! மச்சானை ஸ்டோர் ரூமில் தள்ளிப் பூட்டினார். மறுபடி தனியாகப் போனார். அளவெடுக்கும்போது கழுத்தில் சில்லென்றது. காற்றே இல்லை.

திரும்பி வந்து கொக்கையும் அவரே இயக்கினார். மூன்றாவது பலகை ஓட்டை இல்லாமல் முழுசாக வந்தது.

“பாத்தியா? உன்னைப் பூட்டினதும் சரியாயிடுச்சு! நாளைலேருந்து வராதே.”

மச்சானின் தில்லுமுல்லை நிரூபிக்க, ரோபோ கம்பெனியின் இன்ஜினியர் பெண்ணை வரவழைத்தார். அவள் பதிவுகளைத் துருவிப் பார்த்தாள்.

“யாரும் எதையும் மாத்தலை சார். ஸ்கேனர் சுத்தியிருக்கற எல்லாத்தையும் பதிவு பண்ணும். கொக்கு சுவரை மட்டும் எடுத்துக்கும். மூணாவது பதிவுல சுவர்ல யாருமில்ல.”

“அதானே!”

“அன்னிக்கு யாரோட போனீங்க?”

“தனியா.”

அவள் திரையைத் திருப்பினாள்.

புள்ளி புள்ளியாக, சூப்பர்வைசர்.

அவர் தோளில்...

இன்னொரு தலை.

மச்சானுக்குப் போன் போட்டார்.

“மச்சான்... நீதான் செஞ்சேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுடா. உன்னை எதுவும் சொல்ல மாட்டேன். நாளைக்கே வேலைக்கு வா.”

அந்தப் பக்கம் அவன் சிரிக்கவில்லை.

“நான் இல்ல மாமா.”