போலெட்டின் நீலப் பெட்டி

போலெட் எதையும் பார்த்துவிட்டுச் சும்மா போகிற ரகமில்லை. யோரிங் ஊரில் மாமாவின் பட்டறையில் இரண்டு வருடம் கார்களுக்குப் பெயிண்ட் அடித்தவள். பாலத்தடியில் போகும்போது மட்டும் கார் ரேடியோ ஏன் கரகரக்கிறது என்று ஒருநாள் கேட்டாள். பட்டறையில் ஒருவருக்கும் தெரியவில்லை. அந்த ஒரு கேள்விக்காகவே ஆல்போர் பல்கலைக்கழகத்தில் போய்ச் சேர்ந்தாள். இப்படியும் ஒரு பெண்!

அங்கே ஆறு பேருக்கு ஓர் அறை, அரை வருடத்துக்கு ஒரு வேலை. இவர்கள் எடுத்துக்கொண்டது வானொலி அலைகளை அளக்கும் கருவி. எந்த அலைவரிசையில் எவ்வளவு பலம் என்று திரையில் கோடுகளாகக் காட்டும். அலையை வாங்கி உள்ளே அனுப்பும் ரிசீவர் போர்டு போலெட்டின் பங்கு. தேர்வில் ஆறு பேரும் சேர்ந்து நின்றாலும் மதிப்பெண் அவரவர் செய்ததற்குத்தான்.

மேஜைமேல் பரப்பி வைத்திருந்தவரை கருவி ஒழுங்காக வேலை செய்தது. போலெட் நீல பெயிண்ட் அடித்துக் கொடுத்த அலுமினியப் பெட்டிக்குள் வைத்து மூடினார்கள், வந்தது வினை. எந்த அலையும் உள்ளே போகாதபோதும் திரையின் நட்டநடுவில் ஒரு கோடு எழுந்து நின்றது. என்னவென்று பார்க்க மூடியைக் கழற்றினால் கோட்டைக் காணோம். மூடினால் மறுபடி ஆஜர்!

"உன் போர்டுதான் சேட்டை பண்ணுது," என்றான் எஸ்பென். அந்தக் குழுவில் கணக்கில் புலி, பொறுமையில் பூஜ்யம். "வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்போம். சரியாகலேன்னா கடையில ரெடிமேடா ஒண்ணு வாங்கி மாட்டிடலாம்."

"அப்போ பரீட்சையில நான் எதைக் காட்டறது? என் மூஞ்சியையா?"

"கோவிச்சுக்காத. கருவி வேலை செய்யணுமில்ல?"

பயம் ஒரு பக்கம் இருக்கட்டும். மூடியைத் திறந்தால் கோடு ஏன் மறைகிறது என்ற கேள்விதான் அவள் மண்டையைக் குடைந்தது. போர்டில் பாதியைக் கழற்றி மாற்றினாள். கோடு அசைந்து கொடுக்கவில்லை.

புதன்கிழமை மத்தியானம் மூடியின் திருகை முடுக்கும்போது ஸ்க்ரூடிரைவர் வழுக்கி, மூடியும் பெட்டியும் சேருகிற விளிம்பில் குத்தி நின்றது. ஐயோ, பெயிண்ட் போச்சே! பெயிண்ட் அடித்தவளுக்கு வயிறு எரியாதா? அந்த எரிச்சலோடு நிமிர்ந்தால், திரையில் கோடு பாதியாகக் குறுகியிருந்தது. ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள், வளர்ந்தது. குத்தினாள், குறுகியது.

மூடியைக் கழற்றித் திருப்பிப் பார்த்தாள். விளிம்பெல்லாம் வழவழவென்று நீலம். நடுவில் பெயிண்ட் நின்றதால் மூடிக்கும் பெட்டிக்கும் மின்தொடர்பே இல்லை. மூடி தன்பாட்டுக்கு மிதந்துகொண்டு, பெட்டிக்குள் பக்கத்தில் இருந்த சிப்பின் மின் இரைச்சலை அவள் போர்டுக்குக் கடத்திக்கொண்டிருந்தது.

"எஸ்பென், ஓடி வா! போர்டு இல்லடா, பெயிண்ட்!"

"விளிம்புக்கெல்லாம் யாரு பெயிண்ட் அடிச்சது?"

"நான்தான். பட்டறையில கார் விளிம்பை வெறுமனே விட்டா துரு ஏறும்னு மாமா தோலை உரிச்சிடுவாரு, அந்தப் பழக்கம். மூணு தடவை வேற அடிச்சேன்!"

அறையே சிரித்தது. "கேக்கு! கேக்கு!" என்று கத்தினார்கள். சொதப்பியவர் கேக் கொண்டுவர வேண்டும், அது அங்கே எழுதாத சட்டம். போலெட் அரத்தை எடுத்து, தான் இழைத்து இழைத்து அடித்த நீலத்தை விளிம்பிலிருந்து ராவித் தள்ளினாள். கோடு செத்தது. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஆப்பிள் கேக்கோடு வந்தால், மேஜைமேல் ஏற்கெனவே ஒரு கேக் இருந்தது. பக்கத்தில் பிரிக்காத ஒரு சின்னப் பார்சல்.

"அது என் கேக்கு," என்றான் எஸ்பென், தரையைப் பார்த்துக்கொண்டே. "ரெடிமேட் போர்டை போன வாரமே ஆர்டர் பண்ணிட்டேன். உன்கிட்ட சொல்லல."

அப்படியானால் வெள்ளிக்கிழமை வரை என்றது வெறும் வாய்ப்பேச்சு. இத்தனை நாள் தோளோடு தோள் உட்கார்ந்து வேலை செய்தவன்! நறுக்கென்று நாலு வார்த்தை கேட்க போலெட் வாயெடுத்தாள். கண்ணோ பார்சலை விட்டு அகல மாட்டேனென்றது.

"உன்னை அப்புறம் திட்டிக்கறேன்," என்றாள். "முதல்ல இதைப் பிரி. இதைச் செஞ்சவங்க போர்டுமேல மூடியை எப்படி மூடியிருக்காங்கன்னு பாக்கணும்."