அடைக்கலமேரிக்காக ஒரு ஜீப்

அம்புரோஸ் எனக்கு நாற்பதாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தான். ஜீப்புக்கு என்னிடம் வாங்கிய எஞ்சினின் பாக்கி அது. விலை அறுபத்தைந்தாயிரம். இருபத்தைந்தைக் கையில் கொடுத்துவிட்டு, மீதியை மெதுவாகத் தருகிறேன் என்றான். நான் எழுதி வாங்கவில்லை. என் கடையில் அந்த வழக்கம் கிடையாது.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அம்புரோஸ் கதை விளங்காது. என் பெயர் ராசையா. உடன்குடிப் பக்கத்திலிருந்து பன்னிரண்டு வயதில் ரயிலேறி வந்தவன். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. தண்டையார்பேட்டையில் ஒரு பழைய எஞ்சின் கடை போட்டேன். இன்று மூன்று கடை, மூன்றும் சொந்தக் கட்டடம். ஒருத்தன் எனக்குக் காலணா கொடுத்து உதவியதில்லை. எஞ்சினைத் திறக்காமலே அதன் உள்ளே என்ன இருக்கிறதென்று சொல்லிவிடுவேன். ஸ்பேனரால் பக்கத்தில் இரண்டு தட்டு, காதை வைத்து ஒரு கேட்பு, அவ்வளவுதான். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரைக்கும், "அண்ணாச்சி தட்டிப் பாத்துட்டாரா?" என்றுதான் கேட்பார்கள். தட்டிவிட்டேன் என்றால் பேரம் முடிந்தது.

அம்புரோஸ் ராயபுரத்துக்காரன். துறைமுகத்தில் முப்பத்தோரு வருஷம் கிரேன் மெக்கானிக். அதிகம் பேசமாட்டான், கையில் எடுத்ததை அரைகுறையாக விடமாட்டான். அவன் மனைவி அடைக்கலமேரி இறால் உரிக்கிற கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் ஐஸ் தண்ணீரில் நின்றவள். நின்று நின்றே முட்டி இரண்டும் போய்விட்டது. அவர்களுக்கு ஒரே பிள்ளை, சாவியோ. விசைப்படகில் கூலிக்குப் போனவன் ஒரு ஐப்பசி மாதம் கடலில் தவறி விழுந்தான். ஐந்தாம் நாள் உடல் பழவேற்காட்டுக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் ஒதுங்கியது. ஊருக்குக் கொண்டுவருகிற நிலையில் இல்லை. போலீஸ் அனுமதியோடு அந்தக் குப்பத்துக்காரர்களே தங்கள் சின்னக் கோயிலின் கல்லறைத் தோட்டத்தில் புதைத்தார்கள். அடைக்கலமேரி அப்போது நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அம்புரோஸ் ஒருவன்தான் பிள்ளைமேல் மண் போட்டான்.

அதற்கப்புறம் அவளுக்கு ஒரே ஒரு கேள்வி. "எம்புள்ள மேல நான் எப்போ மண்ணு போடறது?"

கேட்பது சுலபம். அந்தக் குப்பத்துக்கு ரோடு கிடையாது. தார் முடிந்த இடத்திலிருந்து நாலு கிலோமீட்டர் மணல். படகில் போகலாம், ஆனால் பிள்ளையை எடுத்த தண்ணீரில் கால் வைக்கமாட்டேன் என்று சத்தியம் செய்திருந்தாள். படகு இழுக்கிற டிராக்டரில் ஒருமுறை ஏற்றிப் பார்த்தார்கள். குலுக்கிய குலுக்கலில் அரை கிலோமீட்டருக்குள் மூச்சு திணறிவிட்டது. திருப்பிக் கொண்டுவந்தார்கள்.

அப்போதுதான் அம்புரோஸ் அந்த ஜீப்பை வாங்கினான். மீஞ்சூர்ப் பக்கம் ஒரு செங்கல் சூளையில், ராணுவம் ஏலம் விட்ட பழைய ஜீப், உள்ளே கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்தது. லாரியில் கட்டி இழுத்து வந்து ராயபுரத்தில் தன் வீட்டு வாசலில் நிறுத்தினான். சந்து எட்டடி, ஜீப்பு ஐந்தடி. எதிர்வீட்டு ஜெயக்கொடி மீன் கூடையோடு தினமும் ஒருக்களித்துத்தான் போக வேண்டும்.

"இன்னா அம்புரோசு, வண்டி கட்றியா, கோயில் கட்றியா? ரெண்டு வருசமாவுது!"

"கோயில் கட்னா ஊரே துட்டு குடுக்கும். இதுக்கு நீ குடுக்கிறியா?"

"குடுக்கறேன். மொதல்ல என் கூடை போற அளவுக்கு வழி வுடு."

உள்ளேயிருந்து அடைக்கலமேரி குரல் கொடுப்பாள். "என்னைக் கட்டிகினப்பக்கூட இந்த மன்சன் இவ்ளோ பாத்துப் பாத்து செய்யல ஜெயக்கொடி!"

பார்த்துப் பார்த்துத்தான் செய்தான். தளத் தகடு உளுத்துப்போயிருந்தது. வெட்டி எடுத்துப் புதுத் தகடு பற்றவைத்தான். பட்டை ஸ்பிரிங்கில் இரண்டு பட்டையைக் கழற்றிக் குலுக்கலைக் குறைத்தான். மணலில் புதையாத அகல டயர், பவர் ஸ்டியரிங், முன்னால் டிஸ்க் பிரேக். முன் சீட்டுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய வேலை. துறைமுகத்தில் உடைத்துப் போட்ட கிரேன் ஒன்றிலிருந்து டிரைவர் நாற்காலியை வாங்கிவந்தான். அது சுழலும். கதவுப் பக்கம் திருப்பினால் அவள் வீட்டுப் படியிலிருந்தே உட்கார்ந்துகொள்ளலாம். அப்படியே உள்பக்கம் திருப்பிவிடலாம். கால் வைக்க ஒரு சாண் உயரத்தில் மடக்குப் படி. பிடிப்புக் கம்பிக்கு அவள் பழைய புடவையையே சுற்றியிருந்தான். ஐம்பது வருஷத் தொழிலில் எத்தனையோ வண்டி பார்த்திருக்கிறேன். இந்த மாதிரி ஒன்றை நான் பார்த்ததில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

எஞ்சின் மட்டும் உதவாது. அதற்குத்தான் ஆகஸ்டு மாதம் என்னிடம் வந்தான்.

என்னிடம் ஒன்று இருந்தது. ஜீப்புக்கென்றே செய்த நாலு சிலிண்டர் டீசல் எஞ்சின். ஆனால் யாரோ அதைப் படகில் மாட்டி எட்டு வருஷம் ஓட்டியிருந்தார்கள். நம் பக்கத்தில் இது சகஜம். கரையில் ஓடியது கடலுக்குப் போகும், கடலில் ஓடியது கரைக்கு வரும். அம்புரோஸ் குனிந்து பார்த்தான்.

"அண்ணாச்சி, இது கூலாவறதுக்கு உப்புத்தண்ணி ஓடுன எஞ்சினா, நல்ல தண்ணியா?"

"நல்ல தண்ணிதான். வித்தவன் சொன்னான்."

"பக்கத்துல இந்த மூடி ஒண்ணக் கயட்டிப் பாத்துக்கறேன். உப்பு ஓடியிருந்தா உள்ள அரிச்சிருக்கும்."

எனக்குச் சுருக்கென்றது. கடையில் நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். ஸ்பேனரை எடுத்தேன், இரண்டு தட்டுத் தட்டினேன். கணீரென்றது.

"கேட்டியா? இதுக்கு மேல என்னத்தக் கழத்திப் பாக்கப் போற? நான் தட்டிச் சொன்ன பொருள ஒருத்தனும் திறந்து பாத்தது கிடையாது, தெரிஞ்சுக்க. சந்தேகம்னா வேற கடைக்குப் போ."

அம்புரோஸ் கையிலிருந்த உளியைக் கீழே வைத்தான். "இன்னா அண்ணாச்சி, உன் வார்த்தைக்கு மேல எனக்கு இன்னா கீது?" என்றான். மூடியைக் கழற்ற ஐந்து நிமிஷம்கூட ஆகாது. ஒரு பெரிய மனுஷனின் வாக்கை நாலு பேர் முன்னால் சோதிக்கக் கூடாது என்பதற்காக அவன் அந்த ஐந்து நிமிஷத்தை விட்டுவிட்டான்.

மாட்டினான், ஓடியது. எஞ்சின் மாற்றிய காகிதமும் எப்படியோ அலைந்து வாங்கிவிட்டான். காசிமேட்டுக் கடற்கரையில் பத்து நிமிஷம் ஓட்டிக் காட்டியபோது ஜெயக்கொடிகூடக் கைதட்டினாள். "யார் எஞ்சின்?" என்று நான் எல்லாரிடமும் கேட்டேன்.

நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாள். அன்றைக்கு எல்லாக் கல்லறையிலும் மெழுகுவர்த்தி எரியும், பூ கிடக்கும். சாவியோ கல்லறைக்கு அம்மா போகிற நாள் அதுதான் என்று முடிவாகியிருந்தது. என்னையும் கூப்பிட்டார்கள். நான் பின்னால் உட்கார்ந்தேன், மடியில் சாமந்தி மாலையும் மெழுகுவர்த்திப் பெட்டியும். அடைக்கலமேரி வெள்ளைப் புடவையில் கிரேன் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சுழல் சுழன்று உள்ளே வந்தாள். சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்து நாலு வருஷம் இருக்கும்.

திருவொற்றியூர், எர்ணாவூர், எண்ணூர் எல்லாம் தாண்டினோம். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் அம்புரோஸ் மாட்டுவண்டி மாதிரி ஓட்டினான். தார் முடிந்த இடத்தில் நிறுத்தி, ரேடியேட்டரைத் திறந்து தண்ணீர் பார்த்தான். நானும் எட்டிப் பார்த்தேன். கழுத்துவரை இருந்தது. அப்புறம் நாலு சக்கரத்துக்கும் இழுவை கொடுக்கிற கம்பியைத் தள்ளினான். ஜீப்பு மணலில் இறங்கியது. கப்பல் மாதிரி போனது. குலுக்கலே இல்லை.

"எப்டிகீது மேரி?"

"ஊஞ்சல் மாதிரி கீது. நீ ரோட்டப் பாரு."

"எங்கடி ரோடு?"

இரண்டரை கிலோமீட்டர் போயிருப்போம். தூரத்தில் அந்தச் சின்னக் கோயிலின் சிலுவை தெரிந்தது. அவள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். அப்போது எஞ்சின் சூட்டைக் காட்டுகிற முள் ஏறியது. அம்புரோஸ் வேகத்தைக் குறைப்பதற்குள் முன்னால் ஒரு சத்தம், வெள்ளையாக ஆவி. பானட்டைத் தூக்கினோம். எஞ்சின் பக்கச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்குத் தகடு பெயர்ந்து, கொதிநீர் பீறிட்டுக்கொண்டிருந்தது. ஆவி அடங்கினதும் அம்புரோஸ் அந்த ஓரத்தை விரலால் அழுத்தினான். பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. உள்ளே முழுக்க உப்பு, செதில் செதிலாகத் துரு. எட்டு வருஷமும் கடல் தண்ணீரே அதற்குள் ஓடியிருக்கிறது.

அவன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடத் தேவலை.

அடைக்கலமேரி இறங்கி நடந்து பார்த்தாள். முப்பது அடி வைத்திருப்பாள், மணலில் உட்கார்ந்துவிட்டாள். உதடு நீலம் பாரித்துவிட்டது. அம்புரோஸ் அவளைத் தூக்கப் போனான். அவனுக்கு அறுபத்து நாலு வயது. நாலு எட்டுக்கு மேல் முடியவில்லை. இரண்டு பேரும் மணலில் சரிந்தார்கள்.

அவள்தான் முதலில் பேசினாள். உட்கார்ந்த இடத்திலேயே ஒரு பிடி மண் அள்ளி அவன் கைக்குட்டையில் முடிந்தாள். "நீ போய் போட்டுட்டு வா. அம்மா இங்கதான் குந்திகினுகீறான்னு சொல்லு."

அவன் மாலையும் மெழுகுவர்த்தியும் அந்த முடிச்சும் எடுத்துக்கொண்டு நடந்தான். நான் அவளுக்கு வெயில் படாமல் என் வேட்டி நுனியை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் சிலுவையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணை எடுக்காமலே சொன்னாள்:

"இவ்ளோ தூரமாவது இட்டாந்துச்சே அண்ணாச்சி உங்க எஞ்சினு. அதுக்கே புண்ணியம் உங்களுக்கு."

அவள் குத்திச் சொல்லவில்லை. மனசாரத்தான் சொன்னாள். என் எழுபத்தோரு வயதில் யாரும் என்னை அப்படி அடித்ததில்லை.

குப்பத்து டிராக்டர் வருவதற்குள் அவளுக்கு மூச்சு திணற ஆரம்பித்திருந்தது. கோயில் பக்கம் போகாமல், ஆஸ்பத்திரி இருக்கிற பக்கமே எங்களை இழுத்துக்கொண்டுபோய் ரோட்டில் விட்டது.

அதற்கப்புறம் நான் செய்ததையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். டீக்கடையில் கேட்டார்கள், "அண்ணாச்சி எஞ்சின் மணல்ல நின்னுபோச்சாமே?" என்று. "ரேடியேட்டர்ல தண்ணி பாக்காம ஓட்டிட்டான்" என்றேன். ஒரு தடவை இல்லை, நாலைந்து தடவை சொன்னேன். ஐம்பது வருஷப் பேரை ஒரு துருப்பிடித்த தகட்டோடு போகவிட எனக்கு மனசு வரவில்லை. அம்புரோஸ் வீட்டுக்கும் போனேன். "வேற எஞ்சின் ஒண்ணு வருது, உனக்குப் பாதி விலை" என்றேன். இலவசம் என்ற வார்த்தை வாய்வரை வந்து நின்றுவிட்டது. கொடுத்தால் தப்பை ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் அல்லவா?

"பழைய பாக்கியே கீது அண்ணாச்சி. அத்த முடிச்சிட்டு வர்றேன்" என்றான்.

அவன் வேறு எஞ்சின் தேடினான். டிசம்பர் மழையில் சந்து முழுக்க இடுப்பளவு தண்ணீர். ஜீப்பு அதில் ஒரு வாரம் நின்றது. பொங்கலுக்கு மறுநாள் அடைக்கலமேரி செத்துப்போனாள். காலையில் காபி ஆற்றிக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள் என்றார்கள். காசிமேட்டுக் கல்லறையில் அடக்கம். பிள்ளை அங்கே மணலில், அம்மா இங்கே.

எல்லாரும் ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள். நானும் போட்டேன். வெளியே வந்ததும் அவன் தோளைத் தொட்டு, "அம்புரோசு, அந்தப் பாக்கிய நீ மறந்துரு" என்றேன்.

"சாவு வூட்ல கணக்கு பேசாத அண்ணாச்சி" என்றான்.

மார்ச்சு மாதம் ஒரு மத்தியானம் கடைக்கு வந்தான். மெலிந்திருந்தான். ஜீப்பை விற்றுவிட்டதாகச் சொன்னான். ஊட்டிப் பக்கம் எஸ்டேட் வைத்திருக்கிற ஒருத்தர் வாங்கிக்கொண்டாராம். எஞ்சினை அவரே மாற்றிக்கொள்வாராம்.

"அந்தச் சீட்டு?" என்று கேட்டேன்.

"அது அவருக்கு வேணாமாம். கயட்டி வூட்ல வச்சிகினுகீறேன்."

சட்டைக்குள்ளிருந்து ரூபாய்க் கட்டை எடுத்தான்.

"வேண்டாம்ல. நான் வாங்க மாட்டேன். உள்ள போட்டுக்க."

"ஏன் வாங்க மாட்ட?"

கடையில் அன்றும் நாலு பேர் இருந்தார்கள்.

"நீ சொல்லல, நான் சொல்றேன்," என்றான். குரல் உயரவே இல்லை. "ரோடு முடியற எடத்துல நான் தண்ணி பாத்தேன் அண்ணாச்சி. நீயும் எட்டிப் பாத்த. பாத்தியா, இல்லியா?"

"பாத்தேன்."

"கழுத்து வரைக்கும் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"எஞ்சின் யார் தப்பு?"

நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள். "என் தப்பு," என்றேன். "திறந்து பாக்கேன்னு சொன்ன. நான்தான் விடல."

"அவ்ளோதான். அவ உசுரோட கீறப்போ நீ இத்த சொல்லியிருந்தா அவ காதுல உழுந்திருக்கும். நீ தண்ணி சரியா பாக்கலியான்னு அவளும் ஒருநாள் என்னக் கேட்டுட்டா அண்ணாச்சி. டீக்கடைப் பேச்சு வூட்டுக்குள்ள வந்துச்சு."

ஸ்டூலில் உட்கார்ந்தேன். "அப்படின்னா இந்தப் பணம் எனக்கு வேண்டவே வேண்டாம்" என்றேன்.

"உனக்கு வேணாம். எனக்குக் குடுக்கணும். வாங்குன பொருளுக்குத் துட்டு தராதவன் பொண்டாட்டின்னு அவளை எவனும் பேசக்கூடாது. கைய நீட்டு."

நீட்டினேன். எல்லாம் ஐந்நூறு ரூபாய் நோட்டு. வாய்விட்டு எண்ணி ஒவ்வொன்றாக என் உள்ளங்கையில் வைத்தான். எழுபத்தெட்டு. எழுபத்தொன்பது. எண்பதாவது நோட்டின் ஓரம் கொஞ்சம் கிழிந்திருந்தது. அதை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டு, வேறு நல்ல நோட்டு ஒன்றை வைத்தான்.